பிரிந்த பிரதிகள் கூடும் கதை



புது தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் இரயில் வண்டி இட்டார்சியைக் கடந்து சாத்புரா மலைத்தொடருக்குள் புகுந்ததும், பயணிகளின் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக மௌனமாகிவிடுவதை நம்மிற் பலர் கண்டிருப்போம். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வழியே ஊருக்குப் போகையில், அலுவலகக் கலைச்சொற் பட்டியலின் பிரதி ஒன்றை மடிக்கணினியில் உடன் கொண்டுபோனேன். வண்டியிலும் ஊரிலுமாக இருநூறுக்கு மேற்பட்ட சொற்களைத் திருத்தினேன். விடுமுறை முடிந்து திரும்பியதும், என் பிரதியை அலுவலகக் கணிப்பொறியிலிருந்த பழையதன் மேல் பதிந்து வைத்தேன். அதே இரண்டு வாரங்களில், எனக்கு மூத்தவரான அம்மையார் ஒருவர் அங்கிருந்த பிரதியிற் செய்திருந்த திருத்தங்கள் அத்தனையும் அக்கணமே அழிந்துபோயின. கணிப்பொறி ஓர் எச்சரிக்கையும் தரவில்லை. பின்னால் வந்தது எதுவோ அதுவே மெய் என்று அது கொண்டுவிட்டது. அம்மையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் முதற் சொல்லிலிருந்து மீண்டும் தொடங்கினார்.

இன்று இத்தகைய விபத்து நேராதபடி அமைந்த தரவுத்தளங்கள் கைப்பேசிகளிலேயே வந்துவிட்டன. இணைப்பு இல்லாத இடத்திலும் அவற்றில் எழுதலாம், திருத்தலாம். பின்னர் இரு கைப்பேசிகள் அருகருகே வரும்போது, நடுவில் ஒரு மையக் கணிப்பொறியின் துணையின்றியே, புளூடூத் வழியாகவோ வைஃபை வழியாகவோ தம் கணக்கை நேர்செய்துகொள்கின்றன. இது நேற்று முளைத்த விந்தை அன்று. இதன் பின்னே ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது.

தொடக்கமாக 1978-ஆம் ஆண்டைக் கொள்ளலாம். லெஸ்லி லாம்போர்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி அவ்வாண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். தொலைவிலுள்ள இரு கணிப்பொறிகளின் கடிகாரங்கள் ஒருபோதும் முற்றிலும் ஒத்திரா. ஆகவே எது முன், எது பின் என்பதற்குக் கடிகாரத்தை மட்டும் நம்புதல் தகாது என்று அவர் கண்டார். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதைக் கடிதங்களைக் கொண்டு விளக்குவது எளிது. தாயின் கடிதத்திற்கு மகன் எழுதும் பதில், தேதி எதுவாயினும், அக்கடிதத்திற்குப் பிற்பட்டதே. ஆனால் இருவரும் ஒரே வாரத்தில் எழுதி, வழியில் ஒன்றையொன்று கடந்து சென்ற கடிதங்களில் முன்னது எது, பின்னது எது? அக்கேள்விக்கே பொருளில்லை. ஒன்றையொன்று அறியாமல் எழுந்தவை அவை. என் திருத்தமும் அம்மையாரின் திருத்தமும் அத்தகையவையே. அவற்றுள் என்னுடையதைப் ‘பிந்தியது’ என்று கணிப்பொறி எண்ணியதுதான் பிழை.

கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக் கூடத்தினர் இச்சிக்கலை அன்றாட வேலையிலேயே சந்தித்தனர். அந்நிறுவனத்தின் பெயர்க் கோவை, பல ஊர்களிலிருந்த கணிப்பொறிகளிற் பிரதிகளாக வைக்கப்பட்டிருந்தது. ஓரிடத்தில் நேரும் மாற்றத்தை மற்றெல்லா இடங்களுக்கும் அஞ்சலில் அனுப்பிப் பார்த்தனர். முந்நூறு இடங்களில் பிரதியுள்ள ஒரு பகுதிக்கு மட்டும் ஓர் இரவில் 90,000 செய்திகள் வரை எழக்கூடும் என்று கணக்காயிற்று, பின்னலே திணறியது. 1987-இல் ஆலன் டெமர்ஸும் அவருடைய தோழர்களும் வேறு வழி காட்டினர். தொற்றுநோய் பரவுவதுபோலச் செய்தியும் பரவட்டும் என்றனர். ஒவ்வொரு கணிப்பொறியும் அவ்வப்போது தன்னைப் போன்ற மற்றொன்றைத் தேர்ந்து, இருவரிடமும் உள்ள வேற்றுமையைச் சரிபார்த்துக்கொள்ளும். யாரும் எல்லாரிடமும் பேச வேண்டியதில்லை. ஆயினும் செய்தி எல்லாரையும் அடைந்துவிடும்.

இம்முறையில் விசித்திரமான ஓர் இடர் முளைத்தது. ஒரு பெயரை ஒருவர் அழித்துவிட்டால், அதை இன்னும் வைத்திருக்கும் வேறொரு பிரதி, ‘உங்களிடம் இது இல்லையே’ என்று பரிவோடு திருப்பித் தந்துவிடும்! அழிந்தது உயிர்த்தெழும். எனவே அழித்த பெயரின் இடத்தில் ஒரு ‘மரணச் சான்றிதழ்’ எழுதி வைத்தார்கள். அது அவர்களே இட்ட பெயர். சான்றிதழ்கள் குவிந்துபோகாதபடி, நாட்பட்டவற்றை ஒரு சில கணிப்பொறிகள் மட்டும் உறங்கும் நிலையில் வைத்திருந்தன. பழைய பெயர் எங்கிருந்தேனும் தலைகாட்டினால் சான்றிதழ் விழித்தெழுந்து மீண்டும் பரவும். இல்லை என்பதும் ஒரு செய்தியே என்ற இந்த உண்மையை, கணக்கெழுதிப் பழகியவர்கள் உடனே புரிந்துகொள்வர்.

அதே 1987-ஆம் ஆண்டில், பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக் கழகத்தில் கோடா என்னும் கோப்பு முறைக்கு வித்திடப்பட்டது. அதன் தலைவரான மகாதேவ் சத்யநாராயணன், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்றவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. வெளியூர் புறப்படுமுன் வேண்டிய கோப்புகளை மடிக்கணினி சேமித்துக்கொள்ளும். இணைப்பு அற்றபின் அவற்றைக் கொண்டே வேலை நடக்கும். திரும்பியதும் மாற்றங்கள் மையத்தோடு சேரும். இருவர் ஒரே கோப்பைத் திருத்திவிட்டாலோ? முந்தைய முறையொன்றின் பதிவுகளை அவர்கள் ஆராய்ந்தனர். திருத்தங்களில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்டவை, அக்கோப்பை முன்பு திருத்திய அதே மனிதர் செய்தவையாக இருந்தன. ஆகவே துணிந்து அனுமதிக்கலாம் என்று முடிவு செய்தனர். அவர்கள் கண்டது பல்கலைக் கழகக் கோப்புகளின் நிலை. பலரும் கைவைப்பதற்காகவே உள்ள கலைச்சொற் பட்டியலுக்கு அந்தக் கணக்குப் பொருந்துமா என்பது என் ஐயம்.

அந்த எஞ்சிய சிறு பங்கையே முழுப் பொருளாகக் கொண்டது, பாலோ ஆல்டோவிலேயே 1990-களில் உருவாகி 1995-இல் விரிவாக எழுதப்பட்ட பேயூ என்னும் ஏற்பாடு. அதில் எந்த இரு கணிப்பொறிகளும் சந்திக்கும்போது தம்முட் செய்தி மாற்றிக்கொள்ளலாம். கூட்ட அறையை ஒதுக்கும் வேலையை அவர்கள் உதாரணமாக எடுத்துக்கொண்டனர். இணைப்பின்றி இருக்கும் ஒருவர் காலைப் பத்து மணிக்கு அறை வேண்டும் என்று எழுதும்போது, ‘அது கிடைக்காவிடில் பிற்பகல் இரண்டு மணி’ என்றும் சேர்த்து எழுதிவிடுவார். வேறொருவர் பத்து மணியை முன்பே கொண்டிருந்தால், அக்குறிப்பின்படி வேலை தானே நிறைவேறும். அதுவரை எல்லாப் பதிவும் தற்காலிகமே. அது உறுதியாவதற்குத் தலைமைக் கணிப்பொறி ஒன்றை வைத்திருந்தனர். முரண்பாட்டைத் தீர்க்கும் அறிவு பொறியிடம் இல்லை; எழுதுபவனே அதை முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட இம்முறையே எனக்கு மிகவும் பிடித்தது.

வணிக உலகில் இக்கருத்தைப் பரப்பியது, ரே ஓசியும் அவர் தோழர்களும் ஆக்கி 1989-இல் வெளிவந்த லோட்டஸ் நோட்ஸ். அதில் முன்பு பணியாற்றிய டேமியன் காட்ஸ் 2005-இல் கௌச்டிபியைத் தொடங்கினார். முரண்பட்ட இரு பதிவுகளில் ஒன்றை எல்லாப் பிரதிகளும் ஒரே விதியால் தேர்ந்து முன்னே காட்டும். தோற்றதையும் எறியாமல் வைத்திருக்கும். 2011-இல் மார்க் ஷப்பீரோ முதலிய நால்வர் இதற்குக் கணித அடிப்படை வகுத்தனர். எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் ஒரே விடை தரும்படி தரவை அமைக்கலாம் என்று அவர்கள் நிறுவினர். உதாரணமாக, மூன்று கைப்பேசிகளில் வாக்குகளை எண்ணினால், ஒரே மொத்தத்தை மூன்றும் திருத்துவதில்லை; ஒவ்வொன்றும் தன் எண்ணிக்கையைத் தனியே வைத்துக்கொள்ள, கூடும்போது மூன்றையும் கூட்டிவிடுகின்றன. எண்ணுக்கு இது அழகாகப் பொருந்தும். ஒரு சொல்லுக்கு இருவர் தரும் இரு மொழிபெயர்ப்புகளை எந்தக் கணிதம் கூட்டும்?

எங்கள் பட்டியல் இப்போது இருவர் எழுதியதையும் காத்துவைக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது. முரண்பட்ட சொற்கள் வண்ணமிட்டு நிற்கும்; வெள்ளிக்கிழமை பிற்பகலில் அம்மையாரும் நானும் உட்கார்ந்து தீர்ப்போம். பிரதிகளை ஒன்றாக்கும் இச்செயலுக்கே அவர் ‘ஒத்திசைவு’ என்று எழுதியிருந்தார். நான் ‘நேர்செய்தல்’ என்று எழுதியிருந்தேன். இவ்வுரையில் என் சொல்லையே நான் ஆண்டிருப்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். பட்டியலில் இரண்டும் இன்னும் வண்ணத்தோடு நிற்கின்றன.