சமநிலை என்றொரு சொல்

தலைமுடி மெலிந்துபோன பெண்ணிடம் தயக்கமில்லாமல் சொல்லப்படும் வாக்கியம் ஒன்று உண்டு: ஹார்மோன் சமநிலை கெட்டிருக்கிறது. விஞ்ஞானத்தின் குரலில் வருவதால் யாரும் இதைச் சந்தேகிப்பதில்லை. கவிதையில் ஒரு படிமம் தேய்ந்துவிட்டால் உடனே கண்டுபிடித்துவிடுகிற நாம், மருத்துவம் ஓர் உருவகத்தை நூற்றாண்டுக் கணக்கில் தேய்த்துவருவதைக் கவனிப்பதில்லை. அந்த உருவகத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம்.

கிரேக்கர்களிடம் தொடங்க வேண்டும். ஹிப்போக்ரட்டஸின் பெயரில் வழங்கும் சூத்திரங்களில் ஒன்று, காயடிக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்கிறது. அரிஸ்டாட்டில் அந்த வரிசையில் குழந்தைகளையும் பெண்களையும் சேர்த்தார். கவனிப்பு பாதி சரி. ஆனால் இதனால் முடி இழக்கும் பெண் தத்துவப்படி இருக்க முடியாதவள் ஆகிவிட்டாள். அவர்கள் மருத்துவத்தில் ஆரோக்கியம் என்பது உடலின் திரவங்கள் சரியாகக் கலந்திருப்பது. கலவை பிசகினால் நோய். சமநிலை என்ற எண்ணம் இங்கே பிறந்தது.

'ஹார்மோன்' மிகப் பிந்திய சொல். 1905-ல் லண்டனில் நிகழ்த்திய உரைகளில் உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் அதை அறிமுகப்படுத்தினார். அதன் கிரேக்க மூலத்துக்குத் தூண்டுதல், கிளர்த்துதல் என்று பொருள். அதில் தராசு கிடையாது. பழைய தராசைப் புதிய சொல்லின் கையில் கொடுத்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

1942-ல் அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன், விதை இழந்த ஆண்களை ஆராய்ந்து எழுதினார். பருவம் எய்துமுன் இழந்தவர்களுக்கு வழுக்கை இல்லை. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, வழுக்கைப் பரம்பரையில் வந்தவர்களுக்கு முடி கொட்டியது. கச்சிதமான நிரூபணம், ஆனால் ஆண்களைப் பற்றியது. 1977-ல் எரிக் லுட்விக் பெண்களின் முடி இழப்பை 3 படிகளாக வகுத்தார். நெற்றி விளிம்பு அப்படியே நிற்க, உச்சியில் முடி மெலிவதைத் துல்லியமாகக் கண்டார். ஆண் வழுக்கையிலிருந்து விலகிய சித்திரம் இது. இருந்தும் கட்டுரையின் தலைப்பில் ஆண்ட்ரோஜனையே வைத்தார். ஆண்ட்ரோஜன் என்றால் ஆணை ஆக்குவது. இத்தனைக்கும் பெண்ணின் சூலகமும் அட்ரீனல் சுரப்பியும் அதைச் சுரக்கின்றன. எஸ்ட்ரோஜன் உருவாவதே அதிலிருந்துதான். வீட்டு ஆளுக்கு அந்நியன் என்று பெயர் வைத்த கதை.

ஹார்மோனுக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. 1935-ல் சிக்காகோவில் ஸ்டைனும் லெவந்தாலும் 7 பெண்களை வைத்து விவரித்த சூலகக் கோளாறில் ஆண்ட்ரோஜன் மிகலாம். மாதவிடாய் தவறும், முகத்தில் முடி வளரும், தலையில் மெலியக்கூடும். பிரசவத்துக்குப் பின் எஸ்ட்ரோஜன் சரிய, கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடி 2 முதல் 4 மாதம் கழித்துக் கொத்தாக உதிர்கிறது. பெரும்பாலும் தானே திரும்பி வளர்கிறது. தைராய்டு குறைந்தாலும் உதிரும். இவை அளந்து காட்டக்கூடியவை. ஆனால் உச்சி மெலியும் பெண்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் ஹார்மோன் அளவுகள் சாதாரணமாகவே இருக்கின்றன. 2010-ல் ஒரு பெண்ணின் விவரம் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. பிறவியிலேயே ஆண்ட்ரோஜனுக்குச் செவிசாய்க்காத உடல் அவளுடையது. அவளுக்கும் அதே விதமாக முடி மெலிந்திருந்தது. ஓர் உதாரணம் கோட்பாட்டைக் கவிழ்த்துவிடாது. அதன் பெயரைச் சந்தேகிக்கப் போதும்.

நான் வங்கி குமாஸ்தா. நாள் முடிவில் பற்றும் வரவும் நேராக வேண்டும். ஆகாவிட்டால் யாரோ தவறு செய்திருக்கிறார்கள். சமநிலை என்ற சொல் போகிற இடமெல்லாம் இந்தக் குற்றவாளியையும் கூட்டிக்கொண்டு போகிறது. என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் தன் பரிசோதனைத் தாளைக் காட்டினார். எல்லா எண்களும் வரம்புக்குள். இருந்தும் அவருக்குச் சொல்லப்பட்டது அதே வாக்கியம்தான். அன்றிலிருந்து அவர் தூங்கிய நேரத்தையும் சாப்பிட்டதையும் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதையும் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார், எங்கே பிசகினோம் என்று. பதிவே இல்லாத தவறை அவர் எந்தப் பேரேட்டில் தேடுவார்?

இந்த நூற்றாண்டில் மருத்துவர்களிடையே 'பெண்வகை முடி இழப்பு' என்ற பெயர் பரவியிருக்கிறது. வறண்ட பெயர். காரணம் கற்பிக்காமல், கண்டதை மட்டும் சொல்கிறது. உருவகம் இல்லாத சொல்லுக்கும் ஒரு கருணை உண்டு. அந்தப் பெண்ணுக்கு முதலில் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.