அயர்லாந்து அரசியலமைப்பின் எட்டாவது திருத்தம்

கருவிலுள்ள உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை அளித்து 1983ஆம் ஆண்டு அயர்லாந்து அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட விதியே எட்டாவது திருத்தம். 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்குக் கருக்கலைப்பு ஏற்கெனவே குற்றம்தான். ஆயினும் நீதிமன்றம் பின்னாளில் அதைத் தளர்த்திவிடும் என்று கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் அஞ்சினர். அவர்களுக்குக் காலமும் வாய்த்தது. 1981 ஜூன் முதல் 1982 நவம்பர் வரை மூன்று பொதுத்தேர்தல்கள் நடந்தன. முதல் இரண்டிலும் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஒவ்வொரு வாக்கும் தேவைப்பட்ட நிலையில், ஃபியன்னா ஃபாயில் கட்சியின் சார்லஸ் ஹாகி, ஃபைன் கேல் கட்சியின் காரட் ஃபிட்ஸ்ஜெரால்டு இருவருமே திருத்தம் கொண்டுவருவதாக வாக்குறுதி தந்தனர். ஹாகி அரசு எழுதிய வாசகத்தை, பிரதமரான பின் ஃபிட்ஸ்ஜெரால்டே எதிர்த்தார். காலம் கடந்த எதிர்ப்பு அது. செப்டம்பர் 7 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் சுமார் 67 விழுக்காட்டினர் திருத்தத்தை ஆதரித்தனர்.

தாயின் உயிருக்கு எந்த அளவு ஆபத்து வந்தால் கருவைக் கலைக்கலாம் என்பதை அந்த வாசகம் சொல்லவில்லை. மருத்துவர்கள் திணறினர். 2012இல் கால்வே நகரில், கருச்சிதைவு தவிர்க்க முடியாதது என்று தெரிந்தும், கருவின் இதயம் துடித்ததால் கருக்கலைப்பு மறுக்கப்பட்ட இந்தியப் பல் மருத்துவர் ஒருவர் இரத்த நச்சேற்றத்தால் இறந்தார். நாடெங்கும் போராட்டங்கள் எழுந்தன. 2018 மே 25 வாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் திருத்தத்தை நீக்க வாக்களித்தனர். இம்முறையும் அதே இரு கட்சிகளின் தலைவர்களும் ஒரே பக்கம் நின்றனர், நீக்கத்தின் பக்கம். 40 தொகுதிகளில் டொனிகால் மட்டுமே எதிர்த்தது.