தில்லையில் பூட்டிய அறையும் சீர்காழிக்காரர் திறந்த அலமாரியும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

தேவார ஏடுகள் கிடைத்த கதையை என் வகுப்பில் படித்தவர்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். நம் மாவட்டத்துத் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி, ஏடுகள் சிதம்பரம் கோயிலில் ஓர் அறையில் இருப்பதாக ராசராச சோழனுக்குச் சொல்கிறார். பாடிய மூவரும் வந்தால்தான் அறை திறக்கும் என்கிறார்கள் தில்லை அந்தணர்கள். அரசன் சளைக்கவில்லை, மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கதவைத் திறக்க வைக்கிறான். உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் ஊற்றி எடுத்ததில் மிஞ்சியதுதான் நம் கையில் இருப்பது என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது.

இதில் வரலாறு எவ்வளவு, மரபு எவ்வளவு என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். பனையோலையைப் பற்றி இந்தக் கதை சொல்வது உண்மை. ஓலையை எடுத்துப் படித்து, எண்ணெய் பூசி, நைந்து போவதற்குள் புதிய ஓலையில் படியெடுத்தால்தான் நூல் பிழைக்கும். பூட்டி வைத்தால் கறையானுக்குத்தான்.

சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் சீர்காழி. அந்த மூவரில் ஒருவரான சம்பந்தர் பிறந்த ஊர். அதே ஊரில் 1892-ல் பிறந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று பொது அறிவுத் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். அவர் ஒரு கணக்கு வாத்தியார் என்பதை மறந்திருப்பீர்கள்! 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகச் சேர்ந்தார். ஆளரவம் இல்லாத அந்த வேலை பிடிக்காமல், கற்பிக்கவே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டார். முதலில் லண்டன் போய்ப் படித்து வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அங்கே ஊர் ஊராக நூலகங்களைப் பார்த்தவர் 1925-ல் வேறு மனிதராகத் திரும்பினார்.

அதுவரை நூலகம் என்றால் சீட்டில் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஊழியர் உள்ளே போய் எடுத்து வருவார். பெயர் தெரியாத புத்தகத்தை எப்படிக் கேட்பது? ரங்கநாதன் அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். தன் வீட்டு அலமாரியில் தேடுவது போல வாசகன் தேட வேண்டும் என்றார். நூலகத் துறையில் இந்த முறைக்கு அன்றே இருந்த பெயர் ‘ஓப்பன் ஆக்சஸ்’. புத்தகம் திருட்டுப் போகுமே என்று பயந்தவர்கள் உண்டு. 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதே, புத்தகம் இருப்பது பயன்படுவதற்காக என்பதுதான். அதே ஆண்டு மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பும் நூலகத்தையும் அவர் தொடங்கி வைத்தார். 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னாலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. இன்றும் நாம் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுவது அந்தச் சட்டத்தால்தான். வரி எல்லாரும் கட்டுகிறோம், நூலகத்துக்குள் எல்லாரும் போகலாம். கணக்கு சரியாக இருந்தது.

பிறகு பூட்டு வேறு இடத்தில் விழுந்தது.

தனியார் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே ஆய்வும் செய்யும் என் பழைய மாணவி ஒருத்தி சென்ற மாதம் பேசினாள். “சார், ஒரு கட்டுரை, பன்னிரண்டு பக்கம். படிக்கணும்னா மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கேட்கிறான்” என்றாள். எழுதியவர் நம் நாட்டு அரசு நிறுவனத்து ஆள். சம்பளமும் ஆய்வு மானியமும் அரசுப் பணம். கட்டுரையைச் சரிபார்க்கும் மற்ற பேராசிரியர்களுக்குப் பெரும்பாலும் காசு கிடையாது. பதிப்பகமோ உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு, அதே கல்வி நிறுவனங்களுக்குச் சந்தாவாக விற்கிறது. 1980, 90-களில் இந்தச் சந்தாத் தொகை ஏறிய வேகத்துக்கு உலகின் பெரிய நூலகங்களாலேயே ஈடுகொடுக்க முடியவில்லை. இதழ்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள்.

2002-ல் புடாபெஸ்ட்டிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. ஆய்வுக் கட்டுரைகள் இணையத்தில் எவருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றது. அதற்கும் ஓப்பன் ஆக்சஸ் என்றுதான் பெயர்! நம் பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள். சென்னையில் சுப்பையா அருணாச்சலம் என்ற தகவலியலாளர் இதற்காக ஆண்டுக்கணக்கில் எழுதியும் பேசியும் வந்தார். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாதமி தன் ஆய்விதழ்களை இணையத்தில் இலவசமாகவே வைத்தது. அதற்கு முன்பே, 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, தன்னார்வலர்களோடு பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து ஏற்றிக்கொண்டிருந்தார். ஓலையைப் படியெடுத்தவர்களின் வாரிசு என்று நான் அவர்களைத்தான் சொல்வேன்.

இப்போது மத்திய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களில் 1.8 கோடிப் பேர் படிக்கலாம். பெரிய நகரத்துப் பெரிய நிறுவனத்தில் மட்டும் கிடைத்தது இனிச் சிறிய ஊர் அரசுக் கல்லூரிக்கும் கிடைக்கும். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இது சாவியை நிறையப் பேருக்குக் கொடுக்கும் ஏற்பாடு. பூட்டு அப்படியே இருக்கிறது. 2027 முடிந்ததும் மறுபடி பணம் கட்ட வேண்டும். வரி கட்டும் விவசாயியின் மகள் தனியார் கல்லூரியில் படித்தால் முதல் கட்டத்தில் அவளுக்கு இடமில்லை. என் மாணவிக்கும் இல்லை. ஓய்வு பெற்ற எனக்கு இல்லாவிட்டால் பரவாயில்லை.

படிப்பவரிடம் வாங்காமல் எழுதுபவரிடம் வாங்குவது இன்னொரு வழி. நேச்சர் இதழ் 2021-ல் ஒரு கட்டுரைக்கு வைத்த கட்டணம் 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல்! இதைப் பார்த்து, சில ஆயிரம் வாங்கிக்கொண்டு எதை அனுப்பினாலும் அச்சிடும் போலி இதழ்களும் பெருகிவிட்டன. பதவி உயர்வுக்காக அதில் போய் விழாதீர்கள், வாத்தியாராகச் சொல்கிறேன்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. 6,000 கோடி கொடுக்கும்போது, ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் ஒரு கணினியிலாவது அந்த இதழ்கள் திறக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கலாம். நூலக வரி கட்டும் எவரும் போய் உட்கார்ந்து படிக்கலாமே. அடுத்த ஒப்பந்தத்திலாவது கேட்கட்டும்.

உங்களில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறீர்கள். குஜராத் காந்திநகரிலிருந்து இயங்கும் ‘ஷோத்கங்கா’ தளத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆய்வேடுகளும் உண்டு. படிக்கக் கடவுச்சொல் தேவையில்லை, காசும் இல்லை. உங்கள் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் பல்கலைக்கழக நூலகரிடம் கேளுங்கள். இதழில் வந்த கட்டுரை என்றால், ஏற்கப்பட்ட கையெழுத்துப் படியைப் பொதுவில் வைக்கப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. ஒப்பந்தத்தை எடுத்து ஒரு முறை படித்துப் பாருங்கள். கிடைத்த இணைப்பைக் கீழே போடுங்கள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.