பெரிய பூட்டு எதைக் காத்தது?

லினக்ஸ் கேர்னலுக்குள் ஒரு பூட்டு கிட்டத்தட்ட 15 வருசம் இருந்தது. ‘பிக் கேர்னல் லொக்’ எண்டு பேர். கலைப்பீடத்து ஆளுக்கு இதில் என்ன வேலை எண்டு கேட்பீர்கள். வாசிக்க வாசிக்க இது எனக்கு ஒரு வரலாற்றுக் கேள்வியாகத்தான் தெரிஞ்சது.

1996 யூனில் வந்த 2.0 பதிப்பில்தான் ஒன்றுக்கு மேற்பட்ட புரொசசர்களில் லினக்ஸ் ஓடத் தொடங்கியது. அலன் கொக்ஸ் அந்த வேலையில் முக்கியமானவர். இரண்டு புரொசசர் ஒரே நேரத்தில் ஒரே தரவை மாற்றினால் எல்லாம் குழம்பிப்போகும். அதுக்கு ஒரு எளிய வழி பிடித்தார்கள்: கேர்னல் முழுக்கவும் ஒரே பூட்டு. ஒருவர் உள்ளே நிண்டால் மற்றவர் வாசலில் காத்திருக்க வேணும். பீடத்தின் எல்லா அறைகளுக்கும் ஒரே சாவி மாதிரி. ஒருவர் நூலகத்தில் இருந்தால் விரிவுரை மண்டபமும் பூட்டு.

இதைப் பிழை எண்டு நான் சொல்ல மாட்டன். அப்ப இரண்டு புரொசசர் உள்ள கணினியே அபூர்வம். புரொசசர்கள் கூடக்கூடத்தான் காத்திருப்பும் கூடியது. 2.2, 2.4 பதிப்புகளில் வலையமைப்பு, நினைவகம் போன்ற பகுதிகளுக்குத் தனித்தனிப் பூட்டுகள் வந்தன.

மிஞ்சியதுதான் கஷ்டம். சின்னப் பூட்டு ஒன்று குறிப்பிட்ட ஒரு தரவைக் காக்கும். பெரிய பூட்டு எதைக் காக்குது எண்டு ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எழுதினவர்களில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். போதாததுக்கு, பூட்டை வைத்திருக்கும் நிரல் தூங்கப் போனால் பூட்டு தானாகவே விடுபடும், எழும்பினால் திரும்பக் கைக்கு வரும். சில பழைய நிரல்கள் இந்தக் குணத்தை நம்பியே ஓடின.

2008இல் வேறொரு பூட்டு முறையைத் திருத்தியபோது, அதன்மேல் நிண்ட பெரிய பூட்டும் மந்தமாகி, ஒரு சோதனையில் வேகம் சுமார் 40 வீதம் விழுந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் பெரிய பூட்டைப் பழைய சுழல் பூட்டாகவே மாற்றினார். அதோடு இங்கோ மொல்நார் இதை ஒழிக்கவெண்டே தனிக் கிளை தொடங்கினார். ஜொனதன் கோர்பெட் செய்தது எனக்குப் பிடித்த வேலை. சில வகைச் சாதனங்களைத் திறக்கும்போது மேலே ஓரிடத்தில் போடப்பட்ட பூட்டை, ஒவ்வொரு ட்ரைவருக்குள்ளும் இறக்கி வைத்தார். பூட்டும் இடங்கள் கூடினதுதான், ஆனால் இப்ப அது ஆருக்குத் தேவை, ஆருக்குத் தேவையில்லை எண்டு ஒவ்வொன்றாய்ப் பார்க்கலாம்.

ரெய்சர் கோப்பு முறையில் பிரெடெரிக் வைஸ்பெக்கர் பட்டபாடு வேறு. அங்கே புதுப் பூட்டு தானாக விடுபடாது, ஆகவே தூங்கக்கூடிய இடங்களைத் தேடித் தேடி, கையால் விட்டுப் பிடிக்க வேண்டியிருந்தது.

கடைசிக் கட்டத்தில் ஆர்ன்ட் பேர்க்மன், பல பழைய ட்ரைவர்களுக்குத் தனித்தனிப் பூட்டுப் போட்டு முடித்தார். உள்ளே எது காக்கப்படுது எண்ட கேள்வி பலதில் அப்படியே கிடக்கு, பூட்டு மட்டும் சின்னதாகிவிட்டது. 2011 மேயில் வந்த 2.6.39இல் பெரிய பூட்டின் நிரலையே அழித்துவிட்டார்கள்.