மறுக்கத் தெரிந்த பாத்திரங்கள்

ஒரு விளையாட்டு பெண்ணை எப்படிப் பார்க்கிறது என்று அறிய அதன் கதையைப் புரட்ட வேண்டியதில்லை. விதிப்புத்தகத்தின் அட்டவணைகளே போதும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் அமெரிக்காவில் வெளியானது. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு வேடம் பூண்டு, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் அது. இன்றைய கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டுகள் அதன் வழித்தோன்றல்களே.

1976-இல் 'தி டிராகன்' இதழில் லென் லகோஃப்கா எழுதிய கட்டுரை, பெண் பாத்திரங்களுக்கு ஆளுமை என்ற மதிப்பெண்ணை நீக்கி 'அழகு' என்பதை வைத்தது. 1978-இல் வந்த மேம்பட்ட பதிப்பின் கையேடு, மனித இனத்து ஆண் வீரனின் வலிமைக்கு 18/00 என்றும், பெண்ணுக்கு 18/50 என்றும் உச்சவரம்பு விதித்தது. 18-ஐ எட்டிய வீரர்கள் அதற்கு மேல் பெறக்கூடிய நூறு படிகளில் பாதியோடு பெண் நின்றுவிட வேண்டும். நெருப்புக் கக்கும் டிராகனைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டவர்களுக்குப் பெண்ணின் புயத்தைக் கண்டதும் இயற்கை விதிகள் நினைவுக்கு வந்துவிட்டன!

1989-இன் இரண்டாம் பதிப்பில் இந்த வரம்பு மறைந்தது. அப்பதிப்பின் விதிகளைத் தழுவி பயோவேர் நிறுவனம் 2000-இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 2'-இல், வாள் வீச்சில் ஆணும் பெண்ணும் சமம். ஏற்றத்தாழ்வு காதலுக்குள் புகுந்துகொண்டது. ஆணாக ஆடுபவருக்கு ஜஹைரா, ஏரி, விக்கோனியா என மூன்று காதலியர். பெண்ணாக ஆடுபவருக்கு அனோமன் ஒருவனே. அவனோ அகந்தை மிகுந்தவன்.

எண்ணிக்கையைவிட எனக்கு உறுத்தலாகப் பட்டது வேறொன்று. ஜஹைராவை நாம் சந்திப்பது கூண்டுக்குள். அவள் கணவன் கொலையுண்டுவிட்டான். ஏரி சிறகுகள் வெட்டப்பட்டவள். விக்கோனியாவை உயிரோடு எரிக்கக் கம்பத்தில் கட்டியிருக்கிறார்கள். மூவரும் மீட்கப்பட வேண்டியவர்கள். அனோமன் மட்டும் ஒரு மதுக்கூடத்தில் தன்பாட்டுக்கு இருக்கிறான். காப்பாற்றியவனிடம் நன்றியா காதலா என்று பிரித்தறிய முடியாத நிலையில்தான் அன்றைய நாயகி வைக்கப்பட்டாள். அவ்விளையாட்டின் எழுத்து நுட்பமானது என்பதை மறுக்கவில்லை. ஜஹைராவின் துயரம் இன்றும் வாசிக்கத்தக்கது.

பயோவேரின் 'ஜேட் எம்பயர்' (2005) தன்பாலினக் காதலுக்கு இடமளித்தது. 2011-இல் வந்த 'டிராகன் ஏஜ் 2' ஒரு படி மேலே சென்று, முதன்மைத் துணைவர்களில் காதலுக்குரிய நால்வரையும் இருபாலருக்கும் திறந்துவிட்டது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் யார் கேட்டாலும் இணங்குகிறவருக்குச் சொந்தமாக ஒரு விருப்பம் உண்டா? 2014-இன் 'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்' விளையாட்டில் டோரியன் ஆண்களையே விரும்புபவன். பெண்ணாக ஆடுபவர் எவ்வளவு முயன்றாலும் அவன் நண்பனாகவே இருப்பான். அவ்விருப்பத்தை மாற்ற அவன் தந்தை இரத்த மந்திரத்தை நாடியது கதையின் கனமான பகுதி. டோரியனின் மறுப்பில்தான் அவனுடைய வரலாறே இருக்கிறது. செரா என்பவள் அவ்வாறே பெண்களை மட்டும் விரும்புகிறாள்.

லாரியன் நிறுவனத்தின் 'பால்டர்ஸ் கேட் 3' (2023) மீண்டும் பால் வரையறையை நீக்கிவிட்டது. துணைவர்கள் ஆட்டக்காரரின் நடத்தையைப் பார்க்கிறார்களே அன்றிப் பாலினத்தைப் பார்ப்பதில்லை. அப்படியானால் மறுப்பு போய்விட்டதா என்று நினைத்தேன். போகவில்லை. அஸ்டேரியன் இருநூறு ஆண்டுகள் ஓர் இரத்தக்காட்டேரிக்கு அடிமையாக இருந்து, தன் அழகால் ஆட்களை மயக்கி அவனிடம் கொண்டுசேர்த்தவன். வழியில் ஒரு வணிகப்பெண் தன்னைக் கடிக்கும்படி அவனிடம் கேட்கிறாள். பதிலுக்கு அரிய மருந்தொன்றைத் தருவதாகச் சொல்கிறாள். அவனுக்கு அருவருப்பு. அவனை வற்புறுத்தவும் ஆட்டக்காரரால் முடியும். அவன் பக்கம் நின்றால், பின்னர் தனிமையில் அவன் நன்றி சொல்லிவிட்டு, நம்மை மயக்கியதும் முதலில் தன் பாதுகாப்புக்காகத்தான் என்று ஒப்புக்கொள்கிறான்.