மும்பைத் தமிழர் பகுதி வரலாறும் விளக்க நூலடைவும்

நூலை எழுதியவர் யார், எக்காலத்தில், எந்நோக்கில் எழுதினார், அதிலிருந்து எதனைப் பெறலாம், எதனைப் பெறவியலாது என்பனவற்றை ஒவ்வொரு பதிவின் கீழும் சுருங்கக் கூறுவது விளக்க நூலடைவாகும். மும்பைத் தமிழ் மாணவர் தம் பகுதியின் வரலாற்றைப் பள்ளித் திட்டக் கட்டுரையாக எழுத முற்படும்போது இக்குறிப்பின் தேவை மிகுதியாகிறது. தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளின் சான்றுகளைக் கொண்டு இதனை இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழுக்கு இவ்வகை அடைவு புதியதன்று. ஜான் மர்டாக் 1865இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் அச்சு நூற்பட்டியல் நூல்களைப் பொருள்வாரியாகப் பகுத்து, அறிமுகக் குறிப்புகளும் தந்தது. மர்டாக் கிறித்தவக் கல்விப் பணியாளர். ஆகவே சமய நூல்கள் பற்றிய அவர்தம் கருத்துகளை அந்நோக்கை மனத்திற்கொண்டே படித்தல் வேண்டும். குறிப்பு எழுதியவரின் நிலைப்பாடும் குறிக்கப்பெற வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

தாராவிக்கு மூன்று சான்றுகளை எடுத்துக்காட்டலாம். காலா கில்லா எனப்படும் ரீவா கோட்டையின் ஆங்கிலக் கல்வெட்டு, ஆளுநர் ஜான் ஹார்னின் ஆணைப்படி 1737இல் அது கட்டப்பெற்றதாகக் கூறுகிறது. 1909-10இல் வெளிவந்த பம்பாய் நகர விவரச்சுவடி தாராவியைப் பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாகச் சுட்டுகிறது. கல்பனா சர்மாவின் ஆங்கில நூல் (2000) அங்கு வாழ்வோரின் கூற்றுகளுக்கு இடமளிக்கிறது. இவற்றைப் பெயரளவில் அடுக்கினால் மூன்றும் ஒரே தரத்தனவாகத் தோன்றும். விவரச்சுவடிக்கு, 'ஆட்சியாளர் பயன்பாட்டுக்காகத் தொகுக்கப்பெற்றது. மீனவர் குடியிருப்பின் பழமைக்குச் சான்றாகும். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டோரின் வாழ்வை அறிய வேறு சான்று தேவை' எனக் குறிப்பு வரைந்தால் அதன் பயனும் எல்லையும் விளங்கும்.

மாதுங்காவில் நிலைமை வேறு. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றிய இப்பகுதிக்குக் கல்வி, இசை, கோயில் அமைப்புகளின் விழா மலர்கள் சிறந்த சான்றுகளாகும். மலர்கள் தம் அமைப்பின் பெருமையைக் கூற எழுந்தவை. எனினும், வாழ்த்துரைகளில் இல்லாத வணிகச் செய்திகளை அவற்றின் விளம்பரப் பக்கங்களில் காணலாம். அடைவு அப்பக்கங்களையும் சுட்டுதல் நன்று. செம்பூருக்குத் தமிழ்ச் சான்றுகள் மட்டும் போதா. 1947இன் பிரிவினைக்குப் பின் அங்குக் குடியேறிய சிந்தி மக்களின் பதிவுகளும், 1954இல் அண்மையிலுள்ள டிராம்பேயில் அமைந்த அணு ஆற்றல் நிறுவனம் பற்றிய நூல்களும் இடம்பெற வேண்டும்.

பெயர் வடிவங்களும் கருதத்தக்கன. மாதுங்கா, மாட்டுங்கா என ஓரூர் இருவாறு எழுதப்படுகிறது. 1995இல் பம்பாய் மும்பையாயிற்று. நூலில் உள்ள வடிவத்தை மாற்றாது தந்து, இன்றைய வடிவத்தைக் குறிப்பில் சேர்ப்பதே முறை. இல்லையேல், ஒரு பெயரில் தேடும் மாணவர் மற்றதன் கீழ் உள்ள நூலைக் காணத் தவறுவர்.

அச்சேறாத சான்றுகளே பெரிதும் அழியும் நிலையில் உள்ளன. 1976ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்பையொட்டி வழங்கப்பெற்ற ஒளிப்பட அட்டை, திருமண அழைப்பிதழ், சங்க ரசீது ஆகியன நூலகத்தில் இல்லை. வீட்டுப் பெட்டிகளில் உள்ளன. இவற்றை அடைவில் சேர்க்கும்போது உரியவரின் இசைவைப் பெறுதலும், பெயர், கதவெண் முதலியவற்றை மறைத்தலும் கடமையாகும். ஆவணத்தின் வகை, ஆண்டு, மொழி, அது உணர்த்தும் செய்தி ஆகியவை குறிப்பிற்குப் போதும்.

தாராவி மறுவளர்ச்சித் திட்டத்திற்கு மாநில அரசு 2004இல் ஒப்புதல் அளித்தது. 2022இல் மீண்டும் ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பெற்றன. குடியிருப்புகள் இடம் மாறுங்கால் பழந்தாள்கள் சிதறுதல் இயல்பு. அரசு ஆவணங்களுக்குக் காப்பகங்கள் உள்ளன. சங்க ரசீதுக்கு அவ்வாறு ஏதுமில்லை. தமிழும் மராத்தியும் ஆங்கிலமும் அறிந்த மும்பை மாணவர் இன்று வரையும் சில வரிக் குறிப்பு, அத்தகைய தாள் ஒன்று இருந்தமைக்கு நாளை எஞ்சும் ஒரே சான்றாகவும் அமையக்கூடும். ஆதலின், விளக்க நூலடைவைக் கட்டுரையின் பின்னிணைப்பாக இறுதியில் சேர்க்காமல், திட்டப்பணியின் முதற்கட்டமாகவே பள்ளிகள் மேற்கொள்ளுதல் தகும்.