பெரட்டுக்களமும் மெய்நிகர்க் கணினிகளும்

கம்போங் ராஜா புளூவேலி தோட்டத்துப் பெரியவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் ஓரிடத்தில் கூட்டி, பெயர் பதிந்து, வேலை பிரித்துத் தருவார்கள். கணினி வழங்கிகளுக்கும் அப்படியொரு களம் 2003-இல் அமைந்தது.

1998-இல் அமெரிக்காவில் தோன்றிய விஎம்வேர் நிறுவனம், ஒரே வழங்கிக்குள் பல மெய்நிகர்க் கணினிகளை இயக்கும் இஎஸ்எக்ஸ் மென்பொருளை 2001-இல் வெளியிட்டது. (ஐபிஎம் 1960களிலேயே செய்துகாட்டிய வித்தைதான் இது!) வழங்கிகள் பெருகவே, ஒவ்வொன்றையும் தனித்தனியே கவனிப்பது பெரும்பாடாயிற்று. 2003-இல் வந்த விர்ச்சுவல்சென்டர் அனைத்தையும் ஒரே திரையில் நிறுத்தியது. பின்னாளில் அது விசென்டர் எனப் பெயர் மாறியது.

அதனுடன் இணையும் வாசல்தான் மாறிக்கொண்டே வந்தது. முதலில் விண்டோசில் நிறுவும் தனிச் செயலி. அடுத்து ஃபிளாஷ் துணையோடு உலாவி. 2020 இறுதியில் ஃபிளாஷ் ஓய்வுபெற, எச்டிஎம்எல்5 முகப்பே எஞ்சியது.

விசென்டர் நின்றுபோனால் எல்லாம் நின்றுவிடுமா? இல்லை. கிராணி வராத நாளிலும் கொழுந்து துளிர்க்கும் அல்லவா? ஓடும் மெய்நிகர்க் கணினிகள் ஓடிக்கொண்டே இருக்கும், மேற்பார்வைதான் தடைப்படும். எனக்கு அச்சம் தருவது வேறு. 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கிய பிராட்காம், டிசம்பரிலேயே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியது. புதிதாக வாங்கும் கல்விக்கூடமும் இனிச் சந்தா கட்டியே அந்த வாசலில் நுழைய வேண்டும்.